அம்மாவின் ஒற்றைக் கண்

என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஏழு மாதம் பேசினோம். ஆபரேஷன் நடந்தது கால் மணி நேரம்கூட இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது நான் நிம்மதியாகத் தூங்கினேனா என்றால், இல்லை.

"கண்புரைதானே, ஊரில் பாதிப் பேர் செய்து கொண்டு வருகிறார்கள். இதற்கா ஏழு மாதம்?" என்று நீங்கள் கேட்கலாம். என் நாத்தனாரும் அப்படித்தான் கேட்டாள். சகோதரிகளே, என் அம்மாவுக்கு இருப்பது ஒரே கண். இடது கண் 1994லேயே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் புரை. இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு ஒன்றில் ஏதாவது கோளாறு ஆனாலும் மற்றது கை கொடுக்கும். அம்மாவுக்கு அந்த மற்றது கிடையாது. நல்லபடியாக முடிந்தால் பார்வை, இல்லாவிட்டால் முழு இருட்டு.

நான் பிறந்த ஊர் குச்சனூர். சுயம்பு சனீஸ்வரர் கோவில் இருக்கிறதே, அந்தக் குச்சனூர்தான். ஆடி மாதச் சனிக்கிழமை என்றால் எங்கெங்கிருந்தோ பஸ்ஸிலும் வேனிலும் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். மற்ற நாளில் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமாக அடக்கமான ஊர். வாக்கப்பட்டது போடியில். அப்பா காலமான பிறகு அம்மா தன் வீட்டில் தனியாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறாள். அடுத்த வீடு அண்ணன் வீடு. தம்பி குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கிறான்.

இடது கண் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

1994ல் கார்த்திகை மாதத்தில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் புரட்டாசியில் முதல் போக அறுப்பு. களத்தில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல்மணி தெறித்து அம்மாவின் கண்ணில் பட்டது. கண் சிவந்து நீராகக் கொட்டியது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டோம். அடங்கவில்லை. நந்தியாவட்டைப் பூவை நசுக்கிச் சாறு பிழிந்து விட்டால் குளிர்ச்சி என்றார்கள். அம்மியில் நசுக்கி, வெள்ளைத் துணியில் பிழிந்து, காலையும் மாலையும் அந்தக் கண்ணில் விட்டவள் நான்தான். நகைக்கு முன்பணம் கொடுத்திருந்த நேரம். "ஆஸ்பத்திரிக்குப் போனா அது ஒரு செலவு. கல்யாணம் முடியட்டும் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

பதினோராம் நாள் வலி பொறுக்க முடியாமல் தேனிக்குக் கூட்டிப் போனபோது கருவிழி வெந்த முட்டை மாதிரி வெளுத்துப் போயிருந்தது. நெல்லோ, தோகையோ, மண்ணோ பட்டுக் கீறின இடத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்து புண்ணாக்கி விடுமாம். முதல் ஓரிரண்டு நாளில் வந்திருந்தால் மருந்துக்கு அடங்கியிருக்கக் கூடும் என்றார் அங்கிருந்த டாக்டர். எங்களுக்கு மருந்து எட்டவில்லை. புண் ஓட்டையாகி, கண்ணே சுருங்கிப் போயிற்று. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும், எல்லாப் படத்திலும் அம்மா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கொண்டு நிற்பாள்.

இதைப் படிக்கிறவர்களில் கிராமத்துச் சகோதரிகள் இருப்பீர்கள். கண்ணில் ஏதாவது பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நேரே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம், பச்சிலைச் சாறும் வேண்டாம்.

சரி, புரை விஷயத்துக்கு வருகிறேன்.

2023ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. வயசானால் வருகிற மறதி என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை டப்பாவை எடுத்தாள். சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இரண்டும் வெள்ளை. அவற்றை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கோடு போட்டது எது, போடாதது எது என்று தடவித்தான் கண்டுபிடிப்பாளாம். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டால் பதில் இல்லை. கோவிலுக்குப் போகிற வழியைக்கூட அடிக்கணக்கு வைத்துத்தான் நடக்கிறாள் என்று மதினி சொல்லித் தெரிந்தது. வாய்க்கால் படியில் சறுக்கி மணிக்கட்டு வீங்கியதைப் போடிக்குச் சொல்லவே வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தார்களாம்.

தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினாரே, அதன் கிளை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப் போனவர் அவர். அந்த விரல்களாலேயே லட்சம் கண் ஆபரேஷனுக்கு மேல் செய்தாராம். அங்கேதான் அம்மாவைக் காட்டினோம். புரை நன்றாக முற்றியிருக்கிறது, ஆபரேஷன்தான் வழி, ஒற்றைக் கண் என்பதால் வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார்கள்.

கலந்து பேசினோம், பேசினோம், பேசிக் கொண்டே இருந்தோம்.

அண்ணன் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். "எழுவத்தாறு வயசுல எதுக்கு? இருக்கிற வெளிச்சமும் போயிட்டா யாரு பாக்குறது?" அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்குக் கண் போனால் நான் போடியிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போவேன். கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப் போகிறவள் மதினிதானே. தம்பி போனில், "கோயமுத்தூர்ல பெரிய இடமாப் பாத்துப் பண்ணலாம்க்கா" என்றான். எப்போது என்று கேட்டால் தீபாவளிக்கு வரும்போது பேசலாம் என்றான். எதிர்வீட்டுப் பெரியம்மா, புரை கரைய ஒரு சொட்டு மருந்து இருக்கிறது என்று யாரோ சொன்னதைச் சொன்னார். (அப்படி ஒரு மருந்து கிடையாது. புரை என்பது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே மங்கிப் போவது. கண்ணுக்கு மேலே படிகிற அழுக்கு என்று நினைத்துக் கொண்டுதான் பலர் கரைக்கப் பார்க்கிறார்கள்.)

அம்மாவோ, "எனக்கு ஏழரைச் சனி நடக்குது. முடியட்டும்" என்றாள். அவளுக்குக் கும்ப ராசி. சனீஸ்வரன் ஊரிலேயே இருந்து கொண்டு இதை எப்படி மறுத்துப் பேசுவது?

நான் விடவில்லை. வாரா வாரம் போனேன். ஆபரேஷன் செய்து நன்றாக இருக்கிறவர்களின் பட்டியலைச் சொன்னேன். சின்னமனூர் சித்தி, போடியில் எங்கள் தெருப் பால்காரர், என் மாமியார். நல்ல வார்த்தையாகச் சொன்னேன், கோபமாகச் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மா" என்று அழுதும் பார்த்தேன். சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் அம்மா வெற்றிலையை மடித்துக் கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"ஏன் தாயி, அந்தக் கண்ணுல சாறு ஊத்துனது உன் மனசை அரிக்குது. அது ஆறணும்னு இந்தக் கண்ணைக் கேக்குறியா?"

நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக் கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவள் கேட்டது பொய்யாக இருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு மாதம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் கணவர் அதிகம் பேசாதவர். ஒரு ராத்திரி அவரே கேட்டார். "ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு அவங்ககிட்ட நூறு தரம் சொல்லியிருப்ப. எதுக்குப் பயப்படுறீங்கன்னு ஒரு தரமாச்சும் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. செத்துப் போவோமோ, வலிக்குமோ, கண் போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அடுத்த தடவை போனபோது இரண்டு நாள் தங்கினேன். முதல் நாள் அந்தப் பேச்சே இல்லை. மறுநாள் திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்தோம். அம்மா காம்பும் இலையும் சேர்த்தே உருவினாள், நான் கண்டும் காணாமல் இருந்தேன். "உங்களுக்கு எதும்மா பயம்?" என்றேன். முதலில் "ஒண்ணுமில்ல" என்றாள். ஏழரை என்றாள். அண்ணனுக்குச் சிரமம் என்றாள். கீரை முழுவதும் உருவி முடித்த பிறகுதான் சொன்னாள்.

"எனக்குக் கத்திக்குப் பயமில்ல தாயி. கண்ணாடிக்குத்தான் பயம்."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவள் அம்மாச்சி கதையைச் சொன்னாள். அம்மாச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். 1981ல் ஒரு கண் முகாமில் அம்மாச்சிக்குப் புரை எடுத்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. நாலைந்து நாள் தலையை அசைக்காமல் படுத்திருந்ததும், சோடாப் புட்டி மாதிரி கனமான கண்ணாடியோடு திரும்பி வந்ததும் எனக்கே லேசாக நினைவிருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டால் ஆள் தெரியும். கழற்றினால் வெறும் வெளிச்சம்தான். ஒரு வருஷம் ஆவதற்குள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது கண்ணாடி நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. மாமாமார் இன்றைக்கு வாங்கித் தருகிறோம், நாளைக்கு வாங்கித் தருகிறோம் என்று நாளைக் கடத்தினார்கள். 1986ல் அம்மாச்சி சாகும்வரை சுவரைத் தடவிக் கொண்டேதான் நடந்தாள். 'கண்ணாடி போச்சு' என்று யாரும் சொல்லவில்லை. 'ஆபரேஷன் பண்ணிக் கண்ணு போச்சு' என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தேன்.

"நானு ஒத்தையா இருக்கிறவ. அந்தக் கண்ணாடி ஒடைஞ்சா யாருகிட்ட போயி நிப்பேன்?" என்றாள் அம்மா. ஏழரைச் சனி, வயசு, செலவு எல்லாம் மேலே போர்த்தியிருந்த போர்வை. உள்ளே இருந்தது அம்மாச்சியின் கண்ணாடி.

இப்போதெல்லாம் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் 'இவள் எப்படியாவது ஒத்துக் கொள்ள வைக்கப் பார்க்கிறாள்' என்று நினைப்பாள். "நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்கம்மா. ஆபரேஷனுக்குன்னு போக வேணாம், கேக்குறதுக்குன்னு மட்டும் போவோம்" என்றேன். அதற்குத் தலையாட்டினாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொண்டேன். அம்மா கேட்க வேண்டியது, அண்ணன் கேட்க வேண்டியது, நான் கேட்க வேண்டியது என்று பிரித்து எழுதினேன். அண்ணனையும் கூட்டிக் கொண்டுதான் போனோம். அந்த ஒரு காரியத்தை நான் புத்திசாலித்தனமாகச் செய்தேன் என்று சொல்லிக் கொள்ளலாம். அண்ணன் டாக்டர் வாயால் கேட்காமல், நான் வந்து சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்.

டாக்டரம்மா இளவயதுப் பெண். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அம்மா நேராகக் கேட்டாள்: "கண்ணாடி தொலைஞ்சா கண்ணும் போயிருமா?"

அவர் சிரிக்கவில்லை. எந்த வருஷத்து ஆபரேஷனைப் பார்த்து இப்படிக் கேட்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாச்சி கதையைக் கேட்டுவிட்டு விளக்கமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் மங்கிப் போன லென்ஸை முழுசாக எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள், அதனால்தான் அவ்வளவு கனமான கண்ணாடி தேவைப்பட்டது. இப்போது மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே புது லென்ஸை வைத்து விடுகிறார்கள். "அதை நீங்க கழட்டவும் முடியாது, வாய்க்கால்ல விடவும் முடியாது. படிக்கிறதுக்குன்னு ஒரு சாதாரணக் கண்ணாடி கொடுப்போம். அது தொலைஞ்சா எழுத்துதான் தெரியாது, ஆள் தெரியும்" என்றார். அம்மா அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கொண்டாள்.

இந்த லென்ஸின் கதையைப் பிறகு என் மகள் படித்துச் சொன்னாள். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்தின் கண்ணாடிக் கூரை உடைந்து அதன் சில்லு சில விமானிகளின் கண்ணுக்குள் தங்கிவிட்டதாம். அது ஒரு வகை பிளாஸ்டிக். கண் அதனால் கெடாமல் இருந்ததை லண்டனில் ஹரோல்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்து, 1949ல் அதே மாதிரிப் பொருளில் லென்ஸ் செய்து ஒருவருக்கு வைத்தாராம். ஆக, அம்மாச்சிக்கு ஆபரேஷன் நடந்தபோது இந்த லென்ஸ் உலகத்தில் இருந்தது, எங்கள் மாதிரி ஜனங்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. 1992ல் மதுரையிலேயே அரோலேப் என்ற இடத்தில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கி, முகாமுக்கு வருகிற ஏழைகளுக்கும் கிடைத்தது. அம்மாச்சி பதினைந்து வருஷம் பிந்திப் பிறந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அண்ணன் முறை வந்தது. "இருக்கிற ஒரு கண்ணும் போயிட்டா?" என்றார். டாக்டரம்மா மழுப்பவில்லை. "நூத்துக்கு நூறு நல்லா வரும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். முக்கியமாக இரண்டு ஆபத்து சொன்னார். லென்ஸைத் தாங்குகிற மெல்லிய பை கிழிவது ஒன்று. அதைப் பெரும்பாலும் அப்போதே சமாளித்து விடலாம், ஆனால் பார்வை தெளிய நாளாகலாம். மற்றது கண்ணுக்குள் கிருமி புகுவது. பார்வையையே கொண்டு போகக் கூடியது அதுதான். ரொம்ப அபூர்வம் என்றார். எவ்வளவு அபூர்வம் என்று என் மகள் தேடிப் பார்த்தாள். அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2017ல் வெளியாகியிருக்கிறது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமி கொல்லி மருந்து செலுத்தும் பழக்கம் வருவதற்கு முன்னால் பத்தாயிரம் பேரில் 7 பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. வந்த பிறகு 2 பேருக்கு. எனக்கு அது தைரியம் தந்தது. அண்ணனுக்கு, "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு நம்ம அம்மாவா இருந்தா?" என்றுதான் கேட்கத் தோன்றியது. இரண்டுமே நியாயம்தானே.

"சும்மா விட்டால் என்ன ஆகும்?" என்பது என் கேள்வி. இதை முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். செய்து கொண்டால் என்ன ஆபத்து என்பதையே எல்லாரும் பேசினோம், செய்யாமல் விட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புரை தானாகக் குறையாது என்றார். நன்றாக முற்றட்டும் என்று காத்திருந்தது பழைய முறை, இப்போது முற்ற முற்றக் கெட்டியாகி ஆபரேஷன்தான் சிரமமாகும் என்றார். சிலருக்குப் புரை ஊதி, கண்ணில் அழுத்தம் ஏறி, கடுமையான வலியோடு பார்வையும் போய்விடுமாம். அண்ணன் அதுவரை கையைக் கட்டிக் கொண்டிருந்தவர், கையை இறக்கினார்.

ஆனால் சர்க்கரை 260 இருந்தது. அதைக் குறைத்துக் கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் என்றார். புரை அடர்த்தியாக இருப்பதால் பின்னால் இருக்கிற விழித்திரையை நேராகப் பார்க்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்ததில் திரை பிரியவில்லை என்று மட்டும் தெரிந்தது. சர்க்கரையால் திரையில் எவ்வளவு சேதம் என்பது புரையை எடுத்த பிறகே தெரியும், எனவே முழுப் பார்வை வரும் என்று இப்போதே நினைத்துக் கொள்ளாதீர்கள் என்றார். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "முடிவு நீங்கதான் சொல்லணும்மா. மகனும் மகளும் இல்ல" என்றார்.

அம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, கடித்துக் கொண்டு இருந்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டு, உடனே வா என்றாள். போனேன். தம்பியையும் போனில் பிடிக்கச் சொன்னாள். பஞ்சாயத்துப் பேசுகிற மாதிரி முற்றத்தில் உட்கார்ந்து கொண்டு சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன். ஆடிச் சனிக்கிழமை எல்லாம் முடியட்டும், ஆவணியில பண்ணிக்கிறேன். அதுக்குள்ள சர்க்கரையைக் கொறைக்கிறேன். என் பென்ஷன் பணம் சேத்து வச்சிருக்கேன், அதுலதான் பண்ணணும், ஒருத்தரும் ஒரு ரூவா போட வேணாம். நல்லா வந்தா வரட்டும். கண்ணு போனா என் கண்ணு போகுது. அன்னைக்கு இவளை யாராச்சும் ஒரு சொல்லு சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

என்னைத்தான் 'இவளை' என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"ஏழரைச் சனி?" என்று தம்பி போனில் கேட்டான், கேலியாகத்தான். "அது முடியிறதுக்குள்ள எனக்கு எம்பத்தொண்ணு ஆயிரும்டா. அதுவரைக்கும் சனீஸ்வரன் கையைப் பிடிச்சா கூட்டிட்டுப் போவாரு?" என்றாள்.

அதன்பிறகு மூன்று மாதம் அவள் வாயைக் கட்டின மாதிரி நான் என் வாழ்நாளில் கட்டியதில்லை. காபிக்குச் சீனி நின்றது. மத்தியானச் சோறு பாதியானது. மாத்திரைகளை மதினி எடுத்துக் கையில் கொடுத்தார். சர்க்கரை இறங்கியது.

செப்டம்பரில் ஆபரேஷன். கையெழுத்தை அம்மாவே போட்டாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். கோட்டைப் பார்க்க முடியாமல் எழுத்து மேலே ஏறிப் போயிருந்தது. கண்ணைச் சுற்றி மரத்துப் போக ஊசி போட்டார்கள், அதுதான் சுருக்கென்றதாம். மற்றபடி உள்ளே பேச்சுச் சத்தமும் வெளிச்சமும் மட்டும்தான் தெரிந்தது என்றாள். நான் வெளியே உட்கார்ந்து கந்த சஷ்டிக் கவசத்தைப் பாதி சொல்வதற்குள் சக்கர நாற்காலியில் கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒற்றைக் கண் உள்ளவர்களின் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆன கண்ணில் மறுநாள் காலைவரை கட்டு இருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது முழுக் குருடு. இதை முன்கூட்டியே சொல்லி, கூட ஆள் இருக்கிற மாதிரி அறையாகக் கேட்டு வாங்கியிருந்தோம். பதிவு செய்கிற இடத்திலேயே "இவருக்கு மறு கண் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள்.

அன்றைய ராத்திரியை என்னால் மறக்க முடியாது. விளக்கை அணைக்கட்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "எனக்கென்ன, அணை" என்றாள். வெகு நேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு, "இப்படியே இருந்துருச்சுன்னா?" என்றாள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு மாதமாக அதைத்தானே சொல்லிக் கொண்டிருந்தேன் என்று நினைவு வந்தது. "தெரியலம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்தாள். "பாத்ரூம் எம்புட்டுத் தூரம்? என்னைப் பிடிக்காத, கூட மட்டும் வா" என்றாள். குனியாமல், கட்டிலின் விளிம்பைத் தொட்டபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொண்டே நடந்தாள். ஒன்பது அடி. திரும்பி வந்து படுத்துக் கொண்டு, "பழகிப் பாத்தேன்" என்றாள்.

காலையில் கட்டைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டிக் கொண்டே இருந்தாள். டாக்டரம்மா விரல்களைக் காட்டி எத்தனை என்றார். சரியாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தச் சேலை நீலமா? நீ வாங்குனதுலருந்து பச்சைன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். பழுப்பேறிய லென்ஸ் வழியாகப் பார்த்தால் நீலம் அப்படித்தான் தெரியுமாம். நான் டாக்டரம்மாவுக்கு எதிரிலேயே அழுதுவிட்டேன்.

ஆறு வாரம் சொட்டு மருந்து. எந்த வேளைக்கு எத்தனை சொட்டு என்று நோட்டுப் பேப்பரில் எழுதி அண்ணன் சுவரில் ஒட்டினார், மதினி தவறாமல் விட்டார். விறகடுப்புப் புகை ஆகாது, தலைக்கு ஊற்றிக் கொள்ளக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எல்லாரையும் ஏசிக் கொண்டிருந்தாள்.

பார்வை முழுசாக வந்துவிடவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே சர்க்கரையால் விழித்திரையில் கொஞ்சம் பழுது இருந்தது. பேப்பரில் பெரிய எழுத்து தெரியும், பொடி எழுத்து தெரியாது. ஆனால் மாத்திரையைத் தடவிப் பார்ப்பதில்லை. கோவிலுக்கு அடி எண்ணிப் போவதில்லை. படிக்கக் கொடுத்த கண்ணாடியை இதற்குள் இரண்டு தடவை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியிருக்கிறாள். "கெடக்கட்டும், ஆளு தெரியுதுல்ல" என்கிறாள்.

விழித்திரையை வருஷம் தவறாமல் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் நான் போனபோது அடுத்த தேதியை மறந்துவிடப் போகிறாளே என்று கேட்டேன். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் தாளைப் புரட்டிக் காட்டினாள். தேதியைச் சுற்றிப் பென்சிலால் தானே ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வட்டம் கொஞ்சம் கோணல்தான்.